7.5 கேவிஏ வீட்டு ஜெனரேட்டர்: இயந்திரத்துக்கு ஒரு மதிப்பெண், பொருத்தியதற்கு வேறொன்று

பட்டுக்கோட்டைக்கு வெளியே, தென்னந்தோப்பை ஒட்டியுள்ள எங்கள் வீட்டில் நிறுவப்பட்டிருக்கும் 7.5 கேவிஏ டீசல் ஜெனரேட்டரையும், அதை விற்றுப் பொருத்திக் கொடுத்த டீலரின் பணியையும் பற்றியது இந்த மதிப்புரை. இயந்திரத்தின் மீது எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. பொருத்திய பணி, நாங்கள் குறுக்கிட்டுக் கேள்வி கேட்ட இடங்களில் மட்டுமே சரியாக அமைந்தது. தயாரிப்பு நிறுவனத்தின் பெயரையும் டீலரின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. இந்தக் கொள்ளளவில் கிடைக்கும் முன்னணி நிறுவனங்களின் ஜெனரேட்டர்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைக் காட்டிலும், ஒரே ஜெனரேட்டரை இருவர் பொருத்தும் விதத்தில் உள்ள வேறுபாடு மிகப் பெரியது என்பதால், வாங்க நினைப்பவர்களுக்குப் பெயரைவிட விவரமே பயன்படும்.

எங்கள் பகுதியில் ஜெனரேட்டர் வாங்குவதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் திரும்பவில்லை. அந்த நாட்களில் வாடகை ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்து, மணிக்கணக்கில் வாடகை பேசி மேல்நிலைத் தொட்டிகளை நிரப்பிக் கொடுத்தார்கள். விளக்கும் விசிறியும் இல்லாமல் இருந்துவிடலாம், தண்ணீர் இல்லாமல் இருக்க முடியாது என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. எங்கள் வீட்டுத் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. அதோடு, அம்மாவுக்கு இரவு நேரங்களில் ஆக்சிஜன் செறிவூட்டி தேவைப்படுகிறது. இந்த இரண்டு தேவைகளும்தான் எங்கள் தேர்வைத் தீர்மானித்தன.

இன்வெர்ட்டர் போதாதா என்ற கேள்விக்குக் கணக்குப் போட்டுத்தான் விடை காண வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றில் ஏட்டளவில் இருப்பது 1.8 யூனிட் மின்சாரம்; அதில் கைக்குக் கிடைப்பது ஏறத்தாழ முக்கால் பங்குக்கும் குறைவு. எங்களிடம் ஏற்கெனவே இரண்டு பேட்டரி இன்வெர்ட்டர் உள்ளது. ஆக்சிஜன் செறிவூட்டி சுமார் 350 வாட் எடுக்கும்; குறைந்த மின்சாரத்தில் ஓடும் நான்கு பிஎல்டிசி விசிறிகளையும் சில எல்இடி விளக்குகளையும் சேர்த்தால் 500 வாட்டைத் தாண்டும்; அந்தச் சுமையை அது நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்குகிறது. வழக்கமான மின்வெட்டுக்கு இது தாராளம். ஆனால் ஒன்றரை எச்பி சப்மெர்சிபிள் மோட்டாரை அந்த இன்வெர்ட்டரில் ஓட்ட முடியாது. மேலும், தீர்ந்துபோன பேட்டரியை மறுபடி நிரப்புவதற்கு மின்சாரம் எங்கிருந்தாவது வர வேண்டும்.

பெட்ரோலில் ஓடும் இரண்டு, மூன்று கேவிஏ சிறு ஜெனரேட்டர்களையும் பார்த்தோம். குறிப்பாக இன்வெர்ட்டர் வகை பெட்ரோல் ஜெனரேட்டர்கள் சத்தம் குறைந்தவை, தூக்கிச் செல்லக் கூடியவை, கணினி போன்ற நுட்பமான கருவிகளுக்கும் ஏற்ற சீரான மின்சாரம் தருபவை. நகரத்து அடுக்குமாடி வீட்டில் பிரிட்ஜும் விசிறியும் ஓடினால் போதும் என்பவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன், அதை வைக்கக் காற்றோட்டமான திறந்த வெளி இருந்தால். எங்களுக்கு அது ஒத்துவராததற்கு மோட்டாரைத் தவிர எரிபொருளும் காரணம். பெட்ரோலியச் சட்டப்படி உரிமமின்றி வீட்டில் வைத்திருக்கக் கூடிய பெட்ரோல் 30 லிட்டர். டீசலுக்கு வரம்பு 2,500 லிட்டர். அவ்வளவு யாரும் வைக்கப் போவதில்லை என்றாலும், புயல் எச்சரிக்கை வந்தவுடன் இரண்டு கேன் டீசலை நிம்மதியாக வாங்கி வைக்கலாம். பெட்ரோலை அப்படி வைத்துவிட்டு அடுத்த அறையில் தூங்க எனக்கு மனம் வராது.

டீசல் என்று முடிவான பிறகு, எத்தனை கேவிஏ என்ற கேள்வியில்தான் டீலருக்கும் எங்களுக்கும் முதல் கருத்து வேறுபாடு எழுந்தது. அவருடைய விற்பனையாளர் வீட்டிலுள்ள பொருட்களின் வாட்டுகளை வரிசையாக எழுதிக் கூட்டி, 5 கேவிஏ போதும் என்றார். கூட்டல் சரிதான். எங்கள் எலக்ட்ரீசியன் அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. நேராக மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, பேஸ் கம்பியைச் சுற்றி, மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டரை மாட்டிவிட்டு, "தம்பி, மோட்டாரைப் போடுங்க" என்றார். பட்டனை அழுத்திய கணத்தில் நாற்பது ஆம்பியரைத் தாண்டிய எண், கண்ணிமைக்கும் நேரத்தில் இறங்கி ஒன்பதரைக்கு அருகில் நின்றது. 5 கேவிஏ ஜெனரேட்டர் 230 வோல்ட்டில் தரக்கூடியது ஏறத்தாழ 22 ஆம்பியர். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது அது தாராளமாகப் போதும். மோட்டார் கிளம்பும்போது அதனால் தாங்க முடியாது. 7.5 கேவிஏ என்றால் 32 ஆம்பியருக்குச் சற்று மேல். நல்ல ஆல்டர்னேட்டர் ஓரிரு நொடிகளுக்கு அதைவிட அதிகம் தாங்கும். எனவே 7.5 தான் என்று அங்கேயே முடிவாயிற்று. கேவிஏ என்பதும் கிலோவாட் என்பதும் ஒன்றல்ல என்பதையும் வாங்குபவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்: பவர் பேக்டர், அதாவது கேவிஏவில் பயனுள்ள ஆற்றலாகும் பங்கு, 0.8 என்ற அடிப்படையில் 7.5 கேவிஏ ஜெனரேட்டர் தரும் உண்மையான ஆற்றல் 6 கிலோவாட்.

இதைக் கேட்டுவிட்டுப் பெரியதாகவே வாங்கிவிடலாம் என்று எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். எங்கள் உறவினர் ஒருவர் 15 கேவிஏ வாங்கச் சொன்னார். டீசல் எஞ்சினைத் தொடர்ந்து மிகக் குறைந்த சுமையில் ஓட்டினால் உள்ளே போதிய வெப்பம் உண்டாவதில்லை. எரியாத எண்ணெயும் கரியும் புகைபோக்கியிலும் எஞ்சினுக்குள்ளும் படிகின்றன. கொள்ளளவில் முப்பது விழுக்காட்டுக்குக் குறையாத சுமை இருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. எங்கள் 7.5 கேவிஏ ஜெனரேட்டருக்கே இரவு நேரச் சுமை அந்த அளவுக்கு வருவதில்லை. ஆகையால் ஜெனரேட்டரைப் பகலில் சில மணி நேரம் நல்ல சுமையோடு ஓட்டுவதும், மோட்டார், கிரைண்டர், துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றை அந்த நேரத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக இயக்குவதும், இரவை முடிந்தவரை இன்வெர்ட்டரிடம் விடுவதும் எங்கள் வழக்கம். ஈய-அமில பேட்டரி மெதுவாகத்தான் சார்ஜ் ஆகும் என்பது இந்த ஏற்பாட்டின் பலவீனம். முழுதாக நிரம்பப் பத்து மணி நேரம்கூட ஆகலாம். புதிதாக இரண்டையும் சேர்த்து வாங்குபவர்கள், விரைவாக சார்ஜ் ஏறும் லித்தியம் பேட்டரியைக் கருதிப் பார்க்கலாம். அதன் கூடுதல் விலையில் ஒரு பகுதி மிச்சமாகும் டீசலில் திரும்பக் கிடைக்கும்.

அடுத்தது சிங்கிள் பேஸா, திரீ பேஸா என்பது. எங்கள் வீட்டு மின் இணைப்பு திரீ பேஸ் என்பதால் ஜெனரேட்டரும் திரீ பேஸாகவே இருக்க வேண்டும் என்று டீலர் சொன்னார். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இந்த வாதம், சிறிய ஜெனரேட்டர்களைப் பொறுத்தவரை தவறு. 7.5 கேவிஏ திரீ பேஸ் ஜெனரேட்டர் ஒவ்வொரு பேஸுக்கும் 2.5 கேவிஏ, அதாவது பத்து ஆம்பியரைச் சற்றே தாண்டிய அளவுதான் தரும். எங்கள் மோட்டார் சிங்கிள் பேஸ் மோட்டார். அந்த ஒரு பேஸை நம்பி அது கிளம்பாது. எனவே சிங்கிள் பேஸ் ஜெனரேட்டர் வாங்கி, வீட்டை மின்வாரிய மின்சாரத்திலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சின் ஜெனரேட்டர் பக்கத்தில் மூன்று பேஸ் முனைகளையும் ஒன்றாக இணைத்தோம். இப்படிச் செய்பவர்கள் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். வீட்டில் திரீ பேஸ் மோட்டார் எதுவும் அந்த இணைப்பில் இருக்கக் கூடாது. மற்றொன்று, பலர் தவறவிடுவது: மின்வாரியத்தின் மூன்று பேஸ்களில் சுமை பிரிந்திருக்கும்போது நியூட்ரலில் குறைந்த மின்னோட்டமே திரும்பும், ஜெனரேட்டரில் ஓடும்போது மூன்று பக்கச் சுமையும் கூடி ஒரே நியூட்ரல் கம்பி வழியாகத் திரும்பும். சேஞ்ச் ஓவரிலிருந்து, வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிபி பெட்டி வரையிலான எங்கள் பழைய நியூட்ரல் கம்பி 4 சதுர மில்லிமீட்டர். அதை 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியாக மாற்றினோம். டீலரின் மதிப்பீட்டுத் தாளில் இந்த வேலை இடம்பெறவே இல்லை.

2023 ஜூலை 1 முதல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நான்காம் கட்டப் புகை வரம்புகள், சிபிசிபி 4 பிளஸ் என்று கடைகளில் சொல்லப்படுபவை, நடைமுறைக்கு வந்துள்ளன. பழைய தர ஜெனரேட்டரைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாங்கும்போது பெயர்த்தகட்டில் உள்ள உற்பத்தித் தேதியையும் தரச் சான்றையும் பார்த்துவிடுவது நல்லது. சத்தத்தைப் பொறுத்தவரை, கூண்டுக்குள் வரும் டீசல் ஜெனரேட்டர்களுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 75 டெசிபல் என்பது வரம்பு. "சைலன்ட்" என்று பெயர் வைத்திருப்பதால் சத்தமே இருக்காது என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பக்கத்தில் நின்று பேசக் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் கதவைச் சாத்திவிட்டால் சத்தத்தைவிட அதிர்வுதான் லேசாகத் தெரிகிறது. பக்கத்து வீட்டார் இதுவரை எதுவும் சொல்லவில்லை. மின்வெட்டில் அவர்கள் தொட்டியும் எங்கள் மோட்டாரில்தான் நிரம்புகிறது என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இனிப் பொருத்திய பணி. டீலரின் ஆட்கள் ஜெனரேட்டரைக் கார் நிற்கும் முகப்புக் கூரைக்கு அடியில் இறக்கவே வந்தார்கள். மெயின் போர்டு பக்கத்திலேயே இருப்பதால் கேபிள் செலவு குறையும், மழையும் படாது என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்த இடத்துக்கு நேர் மேலே அம்மாவின் அறை ஜன்னல். எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அல்லது பாதி மூடிய இடத்தில் ஓடும் ஜெனரேட்டரால் உறக்கத்திலேயே உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்திகளை ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் படிக்கிறோம். மூச்சுக் கோளாறு உள்ளவர் படுத்திருக்கும் ஜன்னலுக்குக் கீழே புகைக்குழாயை வைக்க வந்தவர்களிடம் இதை நாங்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது என்பதற்காகவே அவர்களுடைய மதிப்பெண்ணைக் குறைக்கிறேன். பின்புறக் கொல்லையில், எல்லா ஜன்னல்களிலிருந்தும் விலகிய இடத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கான்கிரீட் மேடை அமைத்தோம். மழைத்தண்ணீர் தேங்கினாலும் மேடையைத் தொடாது. நான்கு பக்கமும் கதவைத் திறந்து வேலை செய்ய இடம் இருக்கிறது. ஜெனரேட்டரை மட்டம் பார்த்து, அதிர்வு தாங்கும் ரப்பர் திண்டுகளின் மேல் அமர்த்திய வேலையை அவர்கள் மிக நேர்த்தியாகச் செய்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

எர்த் விஷயத்தில் மறுபடி சிக்கல். வீட்டின் பழைய எர்த் கம்பியிலேயே ஜெனரேட்டரின் உடலையும் இணைத்துவிடலாம் என்றார்கள். உடலுக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்புகளும், நியூட்ரலுக்கென்று ஒன்றும் வேண்டும் என்று எலக்ட்ரீசியன் விடாப்பிடியாக நின்றார். நியூட்ரலுக்கு ஏன் என்று நான் கேட்டபோது அவர் தந்த விளக்கம் குறிப்பிடத்தக்கது. நான்கு முனை சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஜெனரேட்டர் பக்கம் திரும்பும்போது மின்வாரியத்தின் நியூட்ரல் முற்றிலும் விலகிவிடுகிறது. ஜெனரேட்டரின் நியூட்ரல் மண்ணோடு இணைக்கப்படாமல் அந்தரத்தில் நின்றால், குளியலறை ஹீட்டரில் கசிவு ஏற்பட்டாலும், கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய ஆர்சிசிபி விழாது. உயிரைக் காக்க வைத்த கருவி, ஜெனரேட்டர் ஓடும் நேரம் முழுவதும் வெறும் பொம்மையாகச் சுவரில் இருக்கும். இரண்டரை மீட்டர் நீளமுள்ள குழாய்களை இறக்கி, கரியும் உப்பும் இட்டு, குழிகளுக்கு மூடி போட்டோம். வெயில் காலத்தில் அவற்றில் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு என் மகனுடையது.

சேஞ்ச் ஓவர் சுவிட்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜெனரேட்டரிலிருந்து இரு முனைகளிலும் பிளக் மாட்டிய கம்பியை இழுத்து வீட்டின் ஏதோ ஒரு சாக்கெட்டில் சொருகிவிடும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் உண்டு. மெயினை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் சர்வீஸ் கம்பி வழியாக வெளியே போகும். தெரு டிரான்ஸ்பார்மர் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்திவிடும். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் மீது அது பாயும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் இணைய முடியாதபடி அமைந்த சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரைப் பொருத்தித் தரும் டீலரை வாசலோடு அனுப்பிவிட வேண்டும். எங்கள் டீலர் இதில் ஒழுங்காகவே இருந்தார். நல்ல தரமான நான்கு முனை சுவிட்சையே கொண்டுவந்தார்.

மின்சாரம் போனவுடன் தானாகக் கிளம்பும் தானியங்கிப் பலகையை அவர் வற்புறுத்தி விற்கப் பார்த்தார். வேண்டாம் என்றோம். மின்சாரம் போன கணத்தில் செறிவூட்டியை இன்வெர்ட்டர் ஏற்றுக்கொள்கிறது. ஐந்து நிமிடத்தில் திரும்பிவரும் மின்வெட்டுக்கெல்லாம் டீசல் எஞ்சின் கிளம்பி நிற்பது எஞ்சினுக்கும் நல்லதல்ல, பணத்துக்கும் நல்லதல்ல. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டிலும், நடமாட முடியாதவர்கள் தனியாக இருக்கும் வீட்டிலும் தானியங்கிப் பலகை அவசியம்.

கூரையில் சூரிய மின் தகடு வைத்திருப்பவர்கள் இன்னொரு கேள்வியையும் டீலரிடம் கேட்க வேண்டும். 2024-இல் வந்த சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் எங்கள் தெருவில் பலர் வைத்துவிட்டார்கள். மின்வாரிய இணைப்போடு கூடிய இந்த வகைத் தகடுகள் மின்வெட்டின்போது பாதுகாப்புக்காகத் தாமே நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் வீட்டுக்கு மின்சாரம் வராது. ஆனால் அதன் இன்வெர்ட்டர் சேஞ்ச் ஓவருக்குப் பிறகு, வீட்டுப் பக்கத்தில் இணைக்கப்பட்டிருந்தால், ஜெனரேட்டரின் மின்சாரத்தையே மின்வாரிய மின்சாரம் என்று எண்ணி இயங்கத் தொடங்கி, மிஞ்சும் ஆற்றலை ஜெனரேட்டருக்குள் தள்ளக் கூடும். அதன் இணைப்பு, சேஞ்ச் ஓவருக்கு முன்பாக மின்வாரியப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எங்கள் டீலரின் ஆட்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

சோதனை ஓட்டத்தில் சுமையில்லாதபோது 52 ஹெர்ட்ஸுக்கு அருகில் இருந்த அதிர்வெண், சுமை ஏற ஏற 50-ஐ நோக்கி இறங்கியது, இது இயல்பானதே. மோட்டார் கிளம்பும்போது விளக்குகள் ஒருமுறை மங்கி நிமிர்கின்றன. மோட்டாரை முதலில் போட்டுவிட்டு மற்றவற்றைப் பிறகு இணைத்தால் அதுவும் அவ்வளவாகத் தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டு இன்வெர்ட்டர் சார்ஜ் ஏற மறுத்தது. டீலர் இன்வெர்ட்டர் பழுது என்றார். இன்வெர்ட்டர் கடைக்காரர் ஜெனரேட்டர் பழுது என்றார். இன்வெர்ட்டரின் பின்புறத்தில் யுபிஎஸ், நார்மல் என்று இரண்டு நிலைகள் கொண்ட சிறு பொத்தான் இருக்கிறது. யுபிஎஸ் நிலையில் அது உள்ளே வரும் மின்சாரத்தில் சிறு ஏற்றத்தாழ்வையும் ஏற்காது. நார்மலுக்குத் தள்ளியதும் சார்ஜ் ஏறத் தொடங்கியது.

செலவைப் பற்றி: ஜிஎஸ்டி சேர்த்து ஜெனரேட்டருக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டியது, மேடை, கேபிள், எர்த், சுவிட்ச், கூலி என்று அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மேலும் ஆயிற்று. இந்த இரண்டாவது தொகையை எந்த விலைப்பட்டியலும் சொல்வதில்லை. ஓட்டும் செலவில், ஒரு லிட்டர் டீசலில் நல்ல சுமையின்போது இரண்டரை முதல் மூன்று யூனிட் கிடைக்கிறது. லிட்டர் 92 ரூபாய் என்று கொண்டால் யூனிட் முப்பது ரூபாய்க்கு மேல். ஏசியை ஜெனரேட்டரில் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு, ஓடும் என்பதுதான் பதில். கட்டுப்படியாகுமா என்பதை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியது.

விற்பனைக்குப் பிந்தைய சேவை சுமார்தான். முதல் ஆயில் மாற்றத்துக்குப் பலமுறை தொலைபேசியில் நினைவூட்டிய பிறகே ஆள் வந்தார். வந்தவர் வேலை தெரிந்தவர், ஆயில் பில்டரின் மேல் தேதியையும் ஓடிய மணிக் கணக்கையும் மார்க்கரால் எழுதிவிட்டுத்தான் போனார். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஆயிலும் பில்டர்களும் சேர்த்தியா, கூலி மட்டுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் செய்யும் 12 வோல்ட் பேட்டரி பெரும்பாலும் அதில் சேராது. மாதக்கணக்கில் ஓடாமல் கிடக்கும் ஜெனரேட்டர் தேவைப்படும் நாளில் கிளம்பாமல் போவதற்கு அந்த பேட்டரிதான் முதல் காரணம் என்பதால், ஞாயிறு காலையில் தொட்டி நிரப்பும் வேலையை மின்சாரம் இருந்தாலும் ஜெனரேட்டரிலேயே செய்துவிடுகிறோம்.